படுத்தேன், எழுந்தேன்

என் வீட்டு மாடியில் குடியிருக்கிறவர்கள் என்னிடம் எதையும் மறைக்க முடியாது. நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. வீடு அப்படி. என் மாமனார் சிமெண்டில் கஞ்சத்தனம் பண்ணிக் கட்டியது. மேலே ஒரு கரண்டி விழுந்தால் கீழே எனக்குத் திடுக்கென்று தூக்கிப் போடும். முன்பக்கம் என் ஜெராக்ஸ் கடை, பின்பக்கம் நான், தலைக்கு மேலே டெல்பின். ஓசூர் சிப்காட் பக்கத்தில் இப்படித்தான் தெருவுக்கு நூறு குடும்பம், ஒருவர் தலைமேல் ஒருவர் நடந்துகொண்டு இருக்கிறோம்.

டெல்பின் மூன்று வருஷமாக மேலே இருக்கிறாள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் ராத்திரி. நான்கு வயது மகள் ஃபெபாவை மத்தூரில் மாமியார் லூர்தம்மாளிடம் விட்டிருக்கிறாள். லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு, வரும்போது பஸ்ஸிலேயே அழுது முடித்துவிட்டு இறங்குவாள். கண்ணைப் பார்த்தால் தெரியும். நான் கேட்க மாட்டேன். "வந்தியா, டீ குடி" என்பேன், அவ்வளவுதான்.

புருஷன் வெஸ்லின் கப்பலில். பெரிய ஆபீசர் எல்லாம் இல்லை. மேல்தளத்தில் கயிறு இழுக்கிற, பெயிண்ட் அடிக்கிற, டேங்க் கழுவுகிற ஆள். வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கும் இன்னொரு துறைமுகத்துக்கும் கெமிக்கலும் சமையல் எண்ணெயும் ஏற்றி இறக்கும் சின்னக் கப்பல். ஒன்பது மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில். அந்த இரண்டு மாதத்திலும் இவள் ராத்திரி ஷிஃப்டில் இருந்தால் என்ன குடித்தனம் நடக்கும்? அவன் எழுந்தால் இவள் படுப்பாள், இவள் எழுந்தால் அவன் கடைக்குப் போயிருப்பான். பார்க்கிற எனக்கே சில சமயம் எரிச்சலாக வரும்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமான புதிதில், இவன் தூங்குகிற நேரத்தில் அவள் போன் பண்ணி எழுப்ப, அவள் தூங்குகிற நேரத்தில் இவன் எழுப்ப, இரண்டு பேரும் கத்திக்கொண்டிருந்தார்களாம். அப்புறம் ஒரு ஏற்பாடு. படுக்கப் போகும்போது போனில் 'படுத்தேன்' என்று ஒரு மெசேஜ். எழுந்ததும் 'எழுந்தேன்'. வேறு ஒன்றும் வேண்டாம். அதைப் பார்த்துத்தான் கூப்பிடலாமா கூடாதா என்று முடிவு பண்ணுவார்கள். டெல்பின் கம்பெனி பஸ்ஸுக்காக என் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போது போனை என் மூக்குக்கு நேராக நீட்டுவாள்.

"பாருங்கக்கா, ராத்திரி அஞ்சு மணி நேரம், மத்தியானம் அஞ்சு மணி நேரம். நம்மளவிட நல்லாத் தூங்கறாரு."

"கப்பல்ல தூங்கத்தான் சம்பளம் குடுக்கறாங்களாட்டம்" என்று நான் கிண்டல் பண்ணுவேன். சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவாள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருவாள்.

இந்தத் தடவை கான்ட்ராக்ட் முடியாமலே ஜனவரி முதல் வாரத்தில் வந்து இறங்கினான். அவன் பார்க்கவேண்டும் என்று கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை டெல்பின் கழற்றாமலே வைத்திருந்தாள். வந்தவன் அதன் அடியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். நிமிர்ந்து பார்த்த மாதிரித் தெரியவில்லை.

அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சரியில்லை என்று. ராத்திரி சரியாகப் பன்னிரண்டரைக்கு மேலே நடை கேட்கும். செருப்பு நடை இல்லை, ஷூ நடை. பன்னிரண்டு எட்டு இந்தப் பக்கம், பன்னிரண்டு எட்டு அந்தப் பக்கம். விடியற்காலம் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஆரம்பிக்கும். நான்காம் நாள், கடையில் நான் விற்கிற பால் பாக்கெட் வாங்க வந்தவனை நேராகவே கேட்டேன்.

"ஏன் தம்பி, ராத்திரியில ஷூ மாட்டிக்கிட்டு எந்த ஊருக்குக் கெளம்பற?"

"சத்தம் கேக்குதாக்கா? மன்னிச்சிக்கங்க. பழக்கமாயிடுச்சு."

"தூங்கறதே இல்லையா?"

"தூங்கறேனே" என்றான். கண்ணுக்குக் கீழே கருத்துப்போய், கன்னம் ஒட்டிப்போய் நிற்கிற ஆள் அதைச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? பால் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள். காலை பத்தரை ஆகியும் பனி முழுசாகக் கலையவில்லை. மேலே டெல்பின் அவரைப் பருப்பு பிதுக்கிக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். மார்கழி, தை வந்தால் எங்கள் ஊரில் எந்தத் தெருவிலும் அந்த வாசனைதான். அவளுக்கு மதிய ஷிஃப்ட், ஒன்று பத்துக்கு பஸ். வெஸ்லின் கடைக்கு இறங்கி வந்தான்.

"அக்கா, மெயில்ல ஒண்ணு வந்திருக்குது. பிரிண்ட் போட்டு, கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி அனுப்பணும். இன்னிக்கு நாலு மணிக்குள்ள."

போட்டேன். படிக்காமல் பிரிண்ட் போடுகிற ஜெராக்ஸ்காரி எங்கேயாவது உண்டா? மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் அவனே சொல்வதுபோல் கம்பெனிக்காரர்கள் இங்கிலீஷில் அடித்து அனுப்பியது. நவம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை ஏழு மணிக்குக் கப்பலைத் துறையில் கட்டும்போது ரோஹன் என்கிற பையனின் வலது கை, கயிறு சுற்றும் விஞ்சில் மாட்டி மூன்று விரல் போய்விட்டது. சொன்ன பேச்சைக் கேட்காமல் நிற்கக் கூடாத இடத்தில் நின்றது அவன் தப்பு. விஞ்சை இயக்கிய நான் போதுமான ஓய்வு எடுத்து, முழு விழிப்போடு இருந்தேன். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. மூன்றாம் பக்கம் ஒரு அட்டவணை: அந்த மாதம் ஒவ்வொரு நாளும் வெஸ்லின் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓய்வெடுத்தான் என்று கட்டம் கட்டமாக. எல்லாக் கட்டமும் பச்சை.

"யாரு தம்பி இந்த ரோஹன்?"

"ஊத்தங்கரைப் பையன்க்கா. இருபத்திரண்டு வயசு. நம்ம பக்கத்து ஆளு ஒருத்தன் இருந்தா பேச்சுக்கு ஆச்சுன்னு நான்தான் இந்தக் கப்பலுக்கு இழுத்துக்கிட்டுப் போனேன்."

பேனாவை எடுத்துக் கொடுத்தேன். வாங்கினான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காகிதத்தைத் தொடைமேல் வைத்துக்கொண்டான். நடுவில் ஒருவர் வந்து கன்னடத்தில் ஆதார் கார்டுக்கு இரண்டு காப்பி கேட்டார், கொடுத்தேன். ஒரு பெண் ரெஸ்யூம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனாள். இவன் பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

டெல்பின் எனக்கு ஒரு கிண்ணத்தில் குழம்பும் ஒரு களி உருண்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"என்னங்க, இன்னும் போடலையா? ஏஜென்ட் எனக்கே போன் பண்ணிட்டான். இது போனாத்தான் அடுத்த கப்பலுக்கு லெட்டர் வரும்ங்கறான். போட்டுட்டு மேல வாங்க, களி ஆறிப்போச்சுன்னா கல்லாயிடும்."

"டெல்பின், இதுல இருக்கறது உண்மை இல்ல."

"எது?"

"இந்தப் பச்சை. பத்து மணி நேரத்துக்குக் கொறைவா ஓய்வு போட்டா கம்ப்யூட்டர்ல செவப்பாயிடும். செவப்பு வந்தா கப்பலத் துறைமுகத்துலயே புடிச்சி நிறுத்திருவான். அதனால சீஃப் ஆபீசரே எல்லாத்தயும் பச்சையாப் போட்டுருவாரு. மாசக் கடைசியில நாங்க வரிசையா நின்னு கையெழுத்துப் போடுவோம். எல்லாக் கப்பல்லயும் அப்படியான்னு எனக்குத் தெரியாது. எங்க கப்பல்ல அப்படித்தான்."

"அப்ப நீங்க தூங்கவே இல்லையா?"

"ஆறு மணி நேரம் ட்யூட்டி, ஆறு மணி நேரம் ரெஸ்ட்டு. இது பேப்பர்ல. அந்த ரெஸ்ட்டுலதான் டேங்க் கழுவறது, கப்பலக் கட்டறது, அவுக்கறது எல்லாம். நாளுக்கொரு போர்ட்டு. எங்க தூங்கறது?"

டெல்பின் கொஞ்ச நேரம் யோசித்தாள். முகம் சட்டென்று தெளிந்தது.

"அட, இதுக்குப் போயி ஏன் இப்படி உக்காந்திருக்கறீங்க? நம்மகிட்ட ஆதாரம் இருக்குதே! நீங்க படுத்தது, எழுந்தது எல்லாம் என் போன்ல இருக்குது. தேதியோட, டைமோட. ஒண்ணக்கூட நான் அழிச்சதில்ல. அக்கா, அந்தப் பேப்பரக் குடுங்க, வெச்சிப் பாப்போம்."

"டெல்பின், அத எடுக்காத."

அவள் அதற்குள் எடுத்துவிட்டாள். விரலால் தள்ளித் தள்ளி நவம்பருக்குப் போனாள். நம் நேரத்தில் ஒன்றரை மணியைக் கழித்து, கப்பல் நேரமாகவே படித்தாள். நான் அட்டவணையைக் கல்லாமேல் விரித்தேன்.

"நவம்பர் பதினொண்ணு. ராத்திரி பன்னண்டு முப்பது, படுத்தேன். காலையில அஞ்சு முப்பது, எழுந்தேன்."

நான் கட்டத்தைப் பார்த்தேன். பன்னிரண்டரையிலிருந்து ஐந்தரை வரை பச்சை.

"அதேதாம்மா இருக்குது."

"பன்னண்டாந் தேதி. மத்தியானம் ஒண்ணு, படுத்தேன். ஆறு, எழுந்தேன்."

"அதேதான்."

பதிமூன்று, பதினான்கு, பதினைந்து. ஐந்து நிமிஷம்கூட வித்தியாசம் இல்லை. அவள் குரல் ஒவ்வொரு தேதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. பதினேழில் நிறுத்தினாள்.

"எப்படிங்க ரெண்டும் ஒண்ணா இருக்குது?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "அந்த ஷீட்ட முன்னாடியே போட்டு மெஸ்ஸுல ஒட்டிருவாங்க. அதுல எந்த டைம் இருக்குதோ அந்த டைமுக்கு உனக்கு மெசேஜ் போட்டுருவேன். மறந்துரக் கூடாதுன்னு அலாரம் வெச்சிருந்தேன்."

"தூங்காமயே?"

"நீ நிம்மதியா வேலைக்குப் போவணும்ல. நான் முழிச்சிருக்கறேன்னு தெரிஞ்சா நீ லைன்ல நின்னுகினு அதையே நெனைப்ப. அதான்."

கம்பெனிக்காரன் பொய் எழுதினான் என்றால் அது அவன் பிழைப்பு. இந்தப் பைத்தியக்காரன் அதைப் பார்த்து எழுதி, கட்டினவளுக்கே நாளுக்கு நாலு தடவை அனுப்பியிருக்கிறான். நாளைக்கு விசாரணை என்று வந்தால், இவளிடம் இருக்கிற போன் கம்பெனிக்குத்தான் சாட்சி. அன்பு என்கிற பேரில் தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டுக்கொண்டானே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

டெல்பின் எப்போதும் அவனை 'நீங்க' என்றுதான் சொல்லுவாள். அன்றைக்கு முதல் முறையாக மாறியது.

"எனக்குமாடா? ஊரு உலகத்துக்கெல்லாம் பொய்க் கையெழுத்துப் போட்ட, சரி. எனக்குமா? இத்தன மாசம் நான் யாருகூடக் குடும்பம் பண்ணுனேன்? அலாரத்துகூடவா?"

"டெல்பின்..."

"பேசாத. வெறும் ரெண்டு வார்த்தை. அத வெச்சிக்கிட்டுத்தான் நான் இருந்தேன். அது தெரியுமா உனக்கு?"

கடைக்கு வந்த ஆள் இவள் சத்தத்தைக் கேட்டு வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார். போகட்டும் என்று ஷட்டரைப் பாதி இறக்கினேன்.

களி உருண்டை கிண்ணத்தில் வெடித்துக் காய்ந்துகொண்டிருந்தது. பிறகு அவள்தான் மெல்லக் கேட்டாள்.

"ரோஹன் கை போனப்ப நீ எங்க இருந்த?"

"விஞ்ச்ல. லீவர் என் கையிலதான் இருந்துச்சு."

"அவன் தப்பான எடத்துல நின்னானா?"

"இல்ல. சரியாத்தான் நின்னான். சுத்தற டிரம்முல கயித்தப் போட்டுப் புடிச்சிக்கிட்டிருந்தான். அவன் ஸ்டாப்புன்னா நான் லீவர விடணும். அவ்வளவுதான் வேலை. கொழந்தகூடச் செய்யும்." அவனுடைய வலது கை தானாகத் தொடைமேல் எதையோ பிடித்த மாதிரி மடங்கியது. "ஸ்டாப்புன்னு கத்தியிருக்கறான். எனக்குக் கேக்கல. கேட்டப்ப அது வேற சத்தமா இருந்துச்சு. கண்ணத் தொறந்து பாக்கறேன், கயிறெல்லாம் ரத்தம்."

"கண்ணத் தொறந்தா?"

"தூங்கிட்டேன், டெல்பின். நின்னுகினே தூங்கிட்டேன். யாருக்கும் தெரியாது. எல்லாரும் கயித்தப் பாத்துக்கிட்டிருந்தாங்க. என் மொகத்த யாரும் பாக்கல."

அதைச் சொல்லிவிட்டு அழுவான் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அழுதிருந்தால் பார்க்கிறவர்களுக்காவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்பவும் படுத்தா கண்ணு சொருகும். சொருகற அந்த நொடி பயமா இருக்கும். கையில லீவர் இருக்கற மாதிரி. எழுந்திருச்சிருவேன். நடந்தா பரவால்ல, கையி சும்மா இருக்கும்."

டெல்பின் அவன் பக்கத்தில் போகவில்லை. தொடவும் இல்லை. ஷட்டர் இடுக்கில் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையெழுத்துப் போட்டால் அடுத்த கப்பல். உண்மையைச் சொன்னால் கடல் வேலையே போகலாம். கப்பலில் ஏற அரசாங்கம் கொடுத்திருக்கும் அனுமதிப் புத்தகத்தையே பிடுங்கிக்கொள்வார்கள். போடாமல் இருந்தாலும் விடமாட்டார்கள். போட்டால் ரோஹன் தலையில் தப்பு முடிந்துவிடும். வலது கையில் விரல் இல்லாதவனை, சொன்ன பேச்சு கேட்காதவன் என்று எழுதினால் யார் வேலைக்குச் சேர்ப்பார்கள்? எனக்கே இவ்வளவும் விளங்கியது. அவளுக்கு விளங்காமல் இருக்குமா?

திரும்பினாள். "அக்கா, வெள்ளப் பேப்பர் குடுங்க. பேனாவும்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். போனைக் கையில் வைத்துக்கொண்டாள்.

"நவம்பர் பதினெட்டு. ராத்திரி பன்னண்டு முப்பதுக்கு படுத்தேன்னு போட்டிருக்கற. அப்ப எங்க இருந்த? உண்மையச் சொல்லு."

அவன் யோசித்தான். "டேங்க்குள்ள. மூணாம் நம்பர். பாமாயில் எறக்கிட்டு அடுத்த சரக்குக்குக் கழுவிக்கிட்டிருந்தோம். அடியில கஞ்சி மாதிரி உறைஞ்சி கெடக்கும், சுரண்டணும். மூடித்தொளை வழியா போன மேல நீட்டி சிக்னல் புடிச்சி உனக்குப் போட்டேன். ரோஹன் சிரிச்சான். என்னண்ணா, டேங்க்லயே படுத்துட்டியான்னான்."

"எத்தன மணிக்கு வெளிய வந்த?"

"நாலே கால்."

"அக்கா, எழுதுங்க. தூக்கம், நாலரையிலருந்து அஞ்சரை. அடுத்தது. அன்னிக்கு மத்தியானம் ஒண்ணு."

"அன்னிக்கு மத்தியானம் கப்பல அவுத்தோம். பின்பக்கம் நின்னேன். முடிய மூணு. அப்பறம் வாட்டர் ஹோஸ் சுருட்டினோம். நாலு மணிக்குப் படுத்தேன். ஷூவக் கழட்டல."

நான் எழுதினேன். வேடிக்கையைப் பாருங்கள், பொய்யாய்ப் போட்ட மெசேஜ் ஒவ்வொன்றையும் எங்கே நின்று போட்டோம் என்பது அவனுக்கு அப்படியே நினைவிருந்தது. மெஸ்ஸில் நின்று, ஏணியில் தொங்கிக்கொண்டு, கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு. தூங்கியிருந்தால்தானே மறப்பதற்கு. பத்தொன்பதாம் தேதி இரண்டு மணி நேரம். இருபதாம் தேதி மூன்று, அதுவும் இரண்டு தவணையாக. இருபத்தொன்றில் காலையில் ஒரு மணி நேரம், அதற்குப் பிறகு இல்லை. இருபத்திரண்டு காலை ஏழு மணி.

நடுவில் ஒரு இடத்தில் அவன் நிறுத்தினான். "இருபதாந் தேதி நீ போட்டிருக்கற பாரு. ராத்திரி பதினொண்ணுக்கு, படுத்தேன். அத ஏணியில நின்னு பாத்தேன். அப்பாடா, இவளாவது தூங்கறான்னு நெனச்சேன்."

டெல்பின் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

"அன்னிக்கு நான் படுக்கல. ஃபெபாவுக்கு நூத்தி மூணு ஜொரம். ஆஸ்பத்திரி பெஞ்சில உங்க அம்மாவும் நானும் விடிய விடிய உக்காந்திருந்தோம். உனக்குத் தெரிஞ்சா நடுக்கடல்ல என்ன பண்ணுவன்னு..." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நானும் லேசுப்பட்டவ இல்ல."

எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து வைத்து நாலு அறை விடலாமா என்றிருந்தது. எத்தனை ராத்திரி அவன் அங்கே முழித்துக்கொண்டும், இவள் இங்கே முழித்துக்கொண்டும், அடுத்தவராவது தூங்குகிறாரே என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்து நிம்மதிப்பட்டிருக்கிறார்கள்!

மணி பன்னிரண்டு. அவனே வெள்ளைக் காகிதத்தில் தமிழில் எழுதினான். பெரிய எழுத்து, பள்ளிக்கூடப் பையன் எழுதுவதுபோல. ரோஹன் சரியான இடத்தில்தான் நின்றான். அவன் நிறுத்தச் சொன்னபோது நான் தூங்கிவிட்டேன். முந்தின நான்கு நாள் நான் தூங்கிய நேரம் கீழே. இதற்கு முன் நான் கையெழுத்துப் போட்ட அட்டவணை பொய். நான் இங்கிலீஷில் டைப் பண்ணிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டான். இந்தத் தடவை பேனா மூடியைத் திறக்க நேரமாகவில்லை.

ஸ்கேன் பண்ணி மெயிலில் இணைத்துவிட்டு, "அனுப்பட்டுமா? அனுப்பினா திரும்ப எடுக்க முடியாது" என்றேன்.

"இருங்கக்கா" என்றாள் டெல்பின். "மொதல்ல ரோஹனுக்குச் சொல்லட்டும். கம்பெனிக்காரன் வாயால அவன் கேக்கக் கூடாது."

அவனுக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும். போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். எடுத்தது ரோஹனின் அப்பா ராயப்பன். பின்னால் ஆடு கத்துவது கேட்டது.

"யாரு, வெஸ்லினா? இன்னாப்பா, வந்துட்டன்னு சொன்னாங்க. வந்து இத்தினி நாளாச்சா? ஒரு போன் பண்ணல?"

"ரோஹன் இருக்கறானாப்பா?"

"தூங்கிகினு இருக்கறான். கப்பல்லருந்து வந்ததுலருந்து தூக்கம்தான். சோத்துக்கு எழுப்பினா எழுந்திரிச்சித் துன்னுட்டுத் திரும்பப் படுத்துக்கறான். எங்கம்மா பேயி புடிச்சிருக்குதுன்றா. எழுப்பட்டுமா?"

"வேணாம்ப்பா!" வெஸ்லின் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டான். "எழுப்பாதீங்க. தூங்கறவன எழுப்பாதீங்க."

"அப்ப இன்னா விஷயம், என்கிட்டச் சொல்லு."

வெஸ்லின் டெல்பினைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். சொன்னான். சுற்றி வளைக்காமல், எங்களிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக. அந்தப் பக்கம் ஆட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நான் எட்டிப் பார்த்தேன்.

"நீ தூங்கிட்டியா?" என்றார் ராயப்பன்.

"ஆமாப்பா."

"எத்தினி நேரம்?"

"தெரியலப்பா. கண்ண மூடித் தொறக்கற நேரம்."

"அவன் கத்தினான்றான். எங்க வெஸ்லின் அண்ணனுக்கு மெஷின் சத்தத்துல கேக்கலைன்றான். வந்ததுலருந்து அதான் சொல்லிகினு இருக்கறான். உன்ன ஒரு வார்த்த தப்பாச் சொல்லலடா அவன்."

வெஸ்லின் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பேப்பர்ல இத எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்ப்பா. அனுப்பப் போறேன்."

"அனுப்பு. அனுப்பிட்டு அதுல ஒண்ண எடுத்துகினு நேர்ல வா. நான் அவங்கிட்டச் சொல்ல மாட்டேன். நீயே வந்து, அவன் முழிச்சிருக்கறப்ப, அவன் கையப் பாத்துச் சொல்லு. அதுக்கப்பறம் அவன் இன்னா சொல்றானோ அது உங்க ரெண்டு பேருக்குள்ள."

"நாளைக்கு வரேன்ப்பா."

"வா. துன்றதுக்கு வராத. எங்களுக்கு உன்ன உக்கார வெச்சிச் சோறு போட மனசு வருமான்னு எனக்கே தெரியல." வைத்துவிட்டார்.

அந்த மனுஷன் கத்தியிருக்கலாம். கெட்ட வார்த்தை பேசியிருக்கலாம். அப்படிப் பேசாததுதான் எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துவிட்டது. வெஸ்லின் கை நீட்டி மவுசை அவனே அழுத்தினான். மெயில் போய்விட்டது. மணி ஒன்று.

டெல்பின் ஓடிப்போய் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு, தலையைக்கூடச் சரியாகப் பின்னாமல் இறங்கினாள். வாசலில் நின்றவனைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள்.

"களி மேல இருக்குது. சுடுதண்ணி தெளிச்சிப் பெசஞ்சி சாப்புடு. நாளைக்கு நானும் வரேன். லீவு சொல்லிக்கறேன்."

"இன்னும் கோவமா?"

"ஆமா" என்றாள். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவன் மாடிக்குப் போனான். நான் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். சாயங்காலம் வரை கூட்டம்தான். வேலைக்கு மனு போடும் பிள்ளைகள், ரேஷன் கார்டுக்குப் பேர் சேர்க்க வந்தவர்கள். ஆனால் காது மட்டும் மேலேயே இருந்தது. சாப்பிட்ட தட்டு கழுவும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. அப்பாடா, படுத்துவிட்டான் என்று நினைத்தேன். பத்து நிமிஷம்கூட இருக்காது. நடை ஆரம்பித்தது. பன்னிரண்டு எட்டு இந்தப் பக்கம், பன்னிரண்டு எட்டு அந்தப் பக்கம். ஷூ போடவில்லை, வெறுங்கால். அந்த மட்டுக்கும் தேவலை.

ஐந்து மணிக்கு அவர்களுக்கு டீ பிரேக். லாக்கரில் வைத்த போனை அப்போதுதான் எடுக்க முடியும். எனக்கு டெல்பினிடமிருந்து மெசேஜ் வந்தது.

'அக்கா, அவரு படுத்துட்டாரா?'

என் விரல் தானாகவே 'படுத்துட்டாரும்மா' என்று அடித்துவிட்டது. பாவம், இன்னும் ஐந்து மணி நேரம் நிற்க வேண்டும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. ஒரு வார்த்தையில் நிம்மதியாக நிற்பாளே என்றுதான் தோன்றியது. அவனுக்கும் இப்படித்தானே தோன்றியிருக்கும், நாளுக்கு நாலு தடவை. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

'இல்லம்மா. நடந்துக்கிட்டுத்தான் இருக்காரு' என்று போட்டேன்.

பார்த்துவிட்டாள் என்று நீல டிக் வந்தது. பிறகு பதில் வந்தது.

'சரிக்கா. எனக்கும் இப்பத்தான் மெசேஜ் போட்டாரு. படுக்கலன்னு. அதான் உங்களக் கேட்டேன்.'

அதன் கீழேயே இன்னொன்று.

'ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குது.'

நான் போனைக் கல்லாமேல் வைத்தேன். ஒரு பையன் பரீட்சை ஹால் டிக்கெட்டை நீட்டினான். எடுத்துக் கொடுத்தேன். மேலே இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தான்.